வயர் லூஸ் இல்லை

புதிதாக ஹோம் தியேட்டர் வாங்கியவர் வீட்டுக்குப் போனால் ஒரு சடங்கு உண்டு. காபி வருவதற்கு முன்பே நம்மை சோபாவின் நடுவில் உட்காரவைத்துவிடுவார்கள். "இங்க உக்காந்தாத்தான் அஞ்சு ஸ்பீக்கரும் சரியா கேக்கும்." பிறகு ஏதோ ஒரு படத்தின் பாதியிலிருந்து மூன்று நிமிடம் ஓடும். கார் துரத்தல், ஹெலிகாப்டர், துப்பாக்கிச் சண்டை. அவர்கள் திரையைப் பார்க்க மாட்டார்கள், நம் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

போன மாதம் ஒரு நண்பன் எனக்குப் போட்டது 'சேவிங் பிரைவேட் ரயான்' (1998). 1944 ஜூன் 6, ஒமாஹா கடற்கரையில் அமெரிக்கப் படை இறங்கும் பகுதி. ஹோம் தியேட்டர்காரர்களின் தேசிய கீதம் என்றே சொல்லலாம். தோட்டாக்கள் முன்னாலிருந்து வந்து காதோரம் கடந்து பின்சுவரில் போய் முடிந்தன. நண்பன் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. திடீரென்று சத்தம் எல்லாம் வடிந்து ஒரு மந்தமான இரைச்சல் மட்டும் மிஞ்சியது. அவன் பதறிப்போய் ரிமோட்டை எடுத்தான். "வயர் லூஸ் போல இருக்குடா."

வயர் லூஸ் இல்லை. பக்கத்தில் குண்டு வெடித்து கேப்டன் மில்லருக்குக் காது அடைத்துப்போகிறது. ஒரு சிப்பாய் துண்டாகிப்போன தன் கையைத் தேடி எடுத்துக்கொண்டு போவதை அவர் பார்க்கிறார், ஆனால் சங்கைக் காதில் வைத்தால் வருமே, அந்த இரைச்சல்தான் அவருக்குக் கேட்கிறது. ஒலி வடிவமைப்பாளர் கேரி ரைட்ஸ்ட்ராம் அதுவரை நம்மைக் கடற்கரையின் நடுவில் நிறுத்தியிருந்தார். இந்த இடத்தில் ஒரு மனிதனின் மண்டைக்குள் தள்ளிவிடுகிறார். அந்தப் பகுதியிலேயே ஒலி செய்த பெரிய வேலை இதுதான். என் நண்பனுக்கு அது பழுது. அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. டெமோ என்ற பழக்கமே நம் காதை அப்படி வளர்த்திருக்கிறது: எல்லா ஸ்பீக்கரும் எப்போதும் ஏதாவது செய்துகொண்டிருந்தால் நல்லது, எது நின்றாலும் கோளாறு.

இந்தக் கண்ணோட்டத்தில் தேர்ந்தெடுக்கும் படங்கள் ஸ்பீக்கர் வேலை செய்கிறதா என்று மட்டும்தான் சொல்லும். அதற்குப் படமே வேண்டாம், ஆம்ப்ளிஃபயரில் இருக்கும் டெஸ்ட் டோன் போதும்.

'அபோகாலிப்ஸ் நவ்' (1979) படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று நம் வீட்டில் இருக்கும் 5.1 அமைப்பின் முன்னோடி என்று இதைச் சொல்வார்கள். முன்னால் மூன்று, பின்னால் இடது வலது என இரண்டு, அடித்தொனிக்குத் தனியாக ஒன்று என 70 எம்எம் பிரதிக்காக அமைத்த ஒலி. டெமோ போடுகிறவர்கள் வாக்னர் இசையோடு ஹெலிகாப்டர்கள் கிராமத்தைத் தாக்கும் காட்சிக்கு ஓடிவிடுவார்கள். எனக்கு அதைவிடப் படத்தின் முதல் பத்து நிமிடம் முக்கியம்.

ஹெலிகாப்டர் விசிறியின் 'தப் தப்' ஒலி, எஞ்சின் சத்தம் இல்லாமல், அறையைச் சுற்றி வருகிறது. அது சைகோன் ஹோட்டல் அறையில் கூரையில் சுழலும் மின்விசிறியாகிறது. படுத்திருப்பவன் வில்லார்ட். சன்னலுக்கு வெளியே நகரத்தின் இரைச்சல். அவன் மனம் காட்டுக்குப் போகப் போக, ஊதல் சத்தம் பூச்சியின் ரீங்காரமாகிறது, வண்டி ஹார்ன்கள் பறவைகளாகின்றன. கண் பார்ப்பது அறையை, காது இருப்பது காட்டில். வால்டர் மர்ச் இந்தப் படம் முழுக்க எல்லா ஸ்பீக்கரையும் திறந்துவிடவில்லை. சில பகுதிகள் மோனோவுக்குச் சுருங்கும், சில ஸ்டீரியோவாக விரியும், தேவைப்படும்போது மட்டும் முழுச்சுற்றும் திறக்கும். சுருங்கியிருந்தால்தானே விரிவது தெரியும்? 2019-இல் வந்த 'ஃபைனல் கட்' பதிப்பில் அட்மாஸ் ஒலியும் இருக்கிறது. கிடைத்தால் அதைப் பாருங்கள்.

திரையரங்க ஒலியில் 'எக்ஸிட் டோர்' சிக்கல் என்று ஒன்றைச் சொல்வார்கள். பின்னாலிருந்து திடீரென்று தெளிவான ஒலி வந்தால் பார்வையாளர் திரும்பி வெளியேறும் கதவைப் பார்த்துவிடுவார். அதனால்தான் பெரும்பாலான படங்களில் வசனம் நடு ஸ்பீக்கரை விட்டு நகராது. பின்னால் மழையும் கூட்டமும் எதிரொலியும் மட்டும்.

'ரோமா' (2018) இந்தப் பயத்தைத் தூக்கிப்போட்ட படம். 1970-71 மெக்சிகோ நகரம், ஒரு நடுத்தர வர்க்க வீடு, அதில் வேலைசெய்யும் கிளியோ. கறுப்பு வெள்ளை. பின்னணி இசை கிடையாது. வரும் பாட்டெல்லாம் ரேடியோவிலோ தெருவிலோ இருந்துதான். அல்ஃபோன்ஸோ குவாரோனின் காமிரா நின்ற இடத்தில் மெதுவாகத் திரும்பும்போது, பேசிக்கொண்டிருந்த பிள்ளையின் குரல் திரையை விட்டு நழுவி நம் தோளுக்குப் பின்னால் போய்விடும். முதல் தடவை எங்கள் வீட்டில்தான் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று எழுந்துவிட்டேன். ஒன்றிரண்டு இடங்களில் இது துருத்திக்கொண்டுதான் தெரிகிறது, மறைக்க விரும்பவில்லை. ஆனால் கத்தி சாணை பிடிப்பவரின் ஊதலும், நாயும், தெருவில் போகும் பேண்டும் தத்தம் திசையில் இருக்கும்போது, அந்த வீட்டுக்கு நாலு சுவர் முளைக்கிறது. வேலைக்காரப் பெண்ணின் நாள் என்பது பாதி, வேறு அறையிலிருந்து வரும் கூப்பிடு குரல்தான். சரவுண்ட் இங்கே அலங்காரம் இல்லை, அவள் வாழ்க்கையின் அமைப்பே அது.

நீச்சல் தெரியாத கிளியோ பிள்ளைகளைத் தேடிக் கடலுக்குள் இறங்கும் காட்சியை டெமோவுக்கு என்று தனியாகப் போட்டுவிடாதீர்கள், ப்ளீஸ். கரையில் ஒரு பக்கமாக இருந்த அலை, காமிரா அவளோடு போகப் போக அறை முழுவதும் ஆகிவிடும். அதற்கு முன்னாலான இரண்டு மணி நேர அமைதி இல்லாவிட்டால் அது வெறும் தண்ணீர்ச் சத்தம். அந்த வருடம் ஆஸ்கரின் இரண்டு ஒலி விருதுகளும் 'பொஹீமியன் ராப்சடி'க்குப் போயின. சரி, விடுங்கள்.

சத்தமான படமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 'ஜுராசிக் பார்க்' (1993) சப்வூஃபருக்கு இன்றும் நல்ல தீனி. தண்ணீர்க் குவளையில் வளையம் எழும்போது டைனோசர் இன்னும் கண்ணுக்குத் தெரியவில்லை, அடி மட்டும் தரையில் இறங்குகிறது. தாக்குதல் முழுக்க ஜான் வில்லியம்ஸ் இசையை நிறுத்திவைத்திருக்கிறார். அதனால்தான் அடி கேட்கிறது. நம் படங்களில் இப்படி ஒரு காட்சி வந்தால் ஐந்து ஸ்பீக்கரிலும் பின்னணி இசையை நிரப்பிவிடுவார்கள். அடி எடுத்துவைக்க இடமே இருக்காது.

நண்பனுக்கு அடுத்து எழுதிக்கொடுத்திருப்பது ஜொனாதன் கிளேசரின் 'தி ஸோன் ஆஃப் இன்ட்ரஸ்ட்' (2023). ஆஷ்விட்ஸ் முகாமின் மதிலை ஒட்டிய வீடு, தோட்டம், பூக்கள், முகாம் தலைவன் ருடால்ஃப் ஹெஸ்ஸின் குடும்பம். மதிலுக்கு அப்பால் நடக்கும் கொலைகளைப் படம் காட்டுவதில்லை. உலையின் தாழ்ந்த உறுமல், தூரத்துத் துப்பாக்கி, ஒரு அலறல், அவ்வளவுதான் வருகிறது. ஜானி பர்னும் டார்ன் வில்லர்ஸும் இதற்காக 2024-இல் ஆஸ்கர் வாங்கினார்கள். எல்லாமே கேட்டும் கேட்காத அளவில் இருக்கும். டிவி ஸ்பீக்கரில் பாதி போய்விடும். ஒலியைக் கூட்டி வைத்தும் பார்க்கக் கூடாது, அப்படிப் பார்த்தால் அந்தக் குடும்பம் அதைக் கேட்காமல் எப்படிச் சாப்பிட்டது என்பது நமக்குப் புரியாது.

நேற்று போன் பண்ணினான். "ஃபேன் சத்தத்துல ஒண்ணுமே கேக்கலடா." ஃபேனை நிறுத்திவிட்டு மறுபடி பார் என்றேன். மே மாதம். யோசித்துச் சொல்கிறேன் என்றான்.