விலாசம் இல்லாத கடிதம்

பண்டிகை மலருக்குக் கதை எழுதுவது ஒரு தனித் தொழில். ஆவணி பிறக்கும்போதே ஆசிரியர் சொல்லி அனுப்பிவிடுவார். கதையில் தீபாவளி வந்தாக வேண்டும். ஒரு குழந்தை வந்தால் நல்லது. அந்தக் குழந்தைக்குப் புதுச் சட்டை கிடைக்காமல் போனால் இன்னும் நல்லது என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் கேட்கிறவருக்கும் எழுதுகிறவனுக்கும் அது தெரிந்த விஷயந்தான்.

இந்த வழக்கம் நம் ஊரில் பிறந்ததல்ல. மேல்நாட்டில் இதற்குக் கிறிஸ்துமஸ் இதழ் என்று பெயர். டிக்கன்ஸின் 'கிறிஸ்துமஸ் கரோல்' 1843 டிசம்பர் 19ந் தேதி லண்டனில் வெளிவந்தது. பண்டிகைக்குள் ஆறாயிரம் பிரதிகள் விற்றுப்போயின. அதற்கப்புறம் பத்திரிகைக்காரர்களுக்கு டிசம்பர் மாதத்தைச் சும்மா விட மனம் வருமா? ருஷ்யாவிலே கிறிஸ்துமஸ் கதை என்பது ஒரு தனி இலக்கிய ஜாதியாகவே வளர்ந்துவிட்டது. டாஸ்டாவ்ஸ்கி எழுதினார், செகாவ் எழுதினார், பெயர் மறந்துபோன நூறு பேர் எழுதினார்கள்.

இவற்றைச் சேர்த்து வைத்துப் படித்தால் ஒரே சரக்கு திரும்பத் திரும்ப வருவது தெரியும். பெரிய பட்டணம், கொட்டுகிற பனி, கடைக் கண்ணாடிக்கு உள்ளே விளக்கும் பொம்மையும் கேக்கும், கண்ணாடிக்கு வெளியே ஒரு குழந்தை. இந்தச் சரக்கை வைத்து மோசமாக எழுதுவதுதான் சுலபம். நல்ல கதையை மோசமான கதையிலிருந்து பிரித்துப் பார்க்க நான் ஒரு கேள்வி வைத்திருக்கிறேன். அந்தக் குழந்தை பட்டணத்திடம் என்ன கேட்டது? கேட்டதைக் கதாசிரியர் காதில் வாங்கினாரா, அல்லது தாம் கொடுக்க நினைத்ததைக் கையில் திணித்து அனுப்பிவிட்டாரா?

டிக்கன்ஸைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அவரைத் தெரியாத வாசகர் இல்லை. 'கரோ'லில் லண்டன் முழுவதும் தின்பண்டமாக மணக்கிறது. ஆனால் அதிலே வரும் நொண்டிக் குழந்தை டிம், எந்தக் கடைக் கண்ணாடியிலும் மூக்கை வைத்து ஏங்கி நிற்பதில்லை. அவன் தகப்பனின் தோள்மேல் இருக்கிறான். அந்தத் தகப்பன் எப்படிப்பட்டவன்? கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மாலை ஆபீஸை விட்டதும், கார்ன்ஹில் தெருவின் பனிச்சறுக்கில் பையன்களோடு வரிசையில் நின்று இருபது தடவை சறுக்கிவிட்டு, காம்டன் டவுனுக்கு ஒரே ஓட்டமாக ஓடுகிறவன். வீட்டில் கண்ணாமூச்சி ஆட வேண்டும் என்று அவசரம். பண்டிகையன்று டிம்மின் கூடப்பிறந்த வாண்டுகள் அவனைத் துணி துவைக்கிற அறைக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். எதற்கு? கொப்பரையில் வேகிற புட்டிங் பாடுகிறதாம், அதைக் கேட்பதற்கு. லண்டன் மாநகரத்தின் கிறிஸ்துமஸ் மொத்தமும் அந்தச் சின்னக் கொதிப்புச் சத்தத்தில் அடங்கிவிடுகிறது. பன்னிரண்டு வயதில் பாலீஷ் தொழிற்சாலையில் கூலிக்கு நின்ற பையன்தான் பிற்காலத்தில் இதை எழுதினான். தகப்பனார் கடன்காரர் சிறையில் இருந்தபோது அதே பட்டணத்தில் தனியாக அலைந்தவன். தனக்குக் கிடைக்காத தோளை டிம்முக்குக் கொடுத்தான் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு. கதையில் அசட்டு இனிப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனாலும் டிம் கேட்டது கிடைத்தது.

ஆண்டர்ஸனின் தீக்குச்சி விற்கும் சிறுமியைக் கிறிஸ்துமஸ் கதை என்றே பலர் சொல்கிறார்கள். உண்மையில் அது வருஷத்தின் கடைசி இரவில் நடக்கிறது. அவள் கிழிக்கும் ஒரு குச்சியில் கிறிஸ்துமஸ் மரம் தெரிகிறது, அவ்வளவுதான். அந்தக் கதையில் எனக்குப் பிடித்தது, முதுகில் கத்தியும் முள்ளும் குத்திய வறுத்த வாத்து தட்டிலிருந்து இறங்கி அவளை நோக்கி நடந்து வருகிற இடம். பசித்த குழந்தையால்தான் அப்படிக் காண முடியும். கடைசிக் குச்சிகளில் அவள் கேட்பது வாத்தை அல்ல, செத்துப்போன பாட்டியை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு மேலே போகலாம்.

1876 ஜனவரியில் டாஸ்டாவ்ஸ்கி 'ஓர் எழுத்தாளனின் டயரி' என்ற பத்திரிகையைத் தாமே மாதாமாதம் நடத்தத் தொடங்கினார். முதல் இதழிலேயே கிறிஸ்துவின் கிறிஸ்துமஸ் மரத்தடியில் நின்ற ஒரு பையனின் கதை இருக்கிறது. ஆறு வயசுகூட நிறையாத பையன். சிறு ஊரிலிருந்து தாயோடு பீட்டர்ஸ்பர்க் வந்தவன். நிலவறையில் தாய் படுத்திருக்கிறாள். தொட்டுப் பார்க்கிறான், சுவரைப் போலச் சில்லென்றிருக்கிறது. அவனுக்கு விஷயம் புரியவில்லை. குல்லாயைத் தேடி எடுத்துக்கொண்டு தெருவுக்கு வருகிறான். அம்மம்மா, எத்தனை வெளிச்சம்! அவன் ஊரில் தெருவுக்கு ஒரே ஒரு விளக்கு, பொழுது சாய்ந்தால் கதவுகளைச் சாத்திவிடுவார்கள், நாய்கள்தான் குரைத்துக்கொண்டிருக்கும். ஆனால் அங்கே கதகதப்பாக இருந்தது, சாப்பிடக் கொடுத்தார்கள் என்றும் அவனுக்கு ஞாபகம் வருகிறது. ஒரு போலீஸ்காரர் எதிரே வருகிறார். பையனைப் பார்க்காமல் இருப்பதற்காக முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார். இந்த ஒரு வரி போதும், டாஸ்டாவ்ஸ்கி பட்டணத்தை அறிந்தவர் என்பதற்கு.

அப்புறம் மூன்று கண்ணாடி ஜன்னல்கள் வருகின்றன. முதலாவதில் கூரையைத் தொடுகிற மரமும் ஆடுகிற குழந்தைகளும். இரண்டாவதில் கேக்குகள், பணக்காரச் சீமாட்டிகள் வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பையன் மெள்ளக் கதவைத் திறந்து உள்ளே போய்விடுகிறான். எல்லாரும் கூச்சல் போடுகிறார்கள். ஒரு சீமாட்டி விரைந்து வந்து அவன் கையில் ஒரு கோப்பெக் காசை வைத்துவிட்டு, தன் கையாலேயே கதவைத் திறந்து அவனை வெளியே விடுகிறாள். விறைத்த விரல்கள் மடங்கவில்லை. காசு கையிலிருந்து நழுவிப் படியில் உருண்டு ஒலிக்கிறது.

உலகத்துக் கிறிஸ்துமஸ் கதைகளில் இதற்கு இணையான இடம் வேறு இல்லை என்பது என் அபிப்பிராயம். தானம் கொடுத்தாகிவிட்டது, தானம் வாங்க விரல் இல்லை. கொடுத்தவள் அதைக் கவனிக்கவும் இல்லை. அவளைக் கெட்டவள் என்று சொல்ல முடியுமா? நிச்சயமாக முடியாது. அவளுக்கு இரக்கம் வந்ததே! கதவைத் திறந்து அனுப்புகிற இரக்கம்.

மூன்றாவது ஜன்னலில் பொம்மைகள் பிடில் வாசித்துத் தலையாட்டுகின்றன. உயிருள்ளவை என்று நினைத்தவன், பொம்மை என்று தெரிந்ததும் சிரித்துவிடுகிறான். ஒரு முரட்டுப் பையன் அடித்து விரட்ட, விறகுக் குவியலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறான். அங்கேதான் கிறிஸ்து தம் மரத்தடிக்கு அவனை அழைத்துக்கொள்கிறார். தாயும் அங்கே சிரித்துக்கொண்டு நிற்கிறாள். காலையில் விறைத்துப்போன சிறு உடலை வேலைக்காரர்கள் காண்கிறார்கள்.

இந்த முடிவைப் பற்றி எனக்கு எப்போதும் ஒரு தகராறு உண்டு. படித்துவிட்டு நாம் அழுகிறோம். அழுததும் மனசு லேசாகிவிடுகிறது. சொர்க்கத்தில் மரம் கிடைத்துவிட்டதே! அப்படியானால் வாசகன் விட்ட கண்ணீர் அந்தச் சீமாட்டியின் காசைவிட எந்த விதத்தில் ஒசத்தி? டாஸ்டாவ்ஸ்கி சாமானியர் அல்ல. இந்தத் தகராறு வரும் என்று அவருக்குத் தெரியும். கதைக்கு முன்னால், தெருவில் கையேந்தி நின்ற நிஜப் பையன் ஒருவனைக் கண்டதை எழுதியிருக்கிறார். கதையின் முடிவிலோ இது கற்பனை என்று தாமே போட்டு உடைக்கிறார். அதற்கு அடுத்தபடியாக, குற்றம் செய்த சிறுவர்களை வைத்திருக்கிற சீர்திருத்த விடுதி ஒன்றை நேரில் பார்த்து வந்த கட்டுரை. அழுத வாசகனைக் கைப்பிடித்து அடுத்த பக்கத்துக்கு இழுத்துப் போகிறார். நம்முடைய தொகுப்பாளர்களோ முன்னும் பின்னும் வெட்டிவிட்டு, கதையை மட்டும் டிசம்பர் மாதத்தில் அச்சிடுகிறார்கள். அந்த மாதிரி வெட்டினால் மிஞ்சுவது கோப்பெக்தான்.

பத்து வருஷம் கழித்து, 1886 கிறிஸ்துமஸ் அன்று, 'பீட்டர்ஸ்பர்க் கெஜட்' பத்திரிகையில் செகாவின் 'வான்கா' வந்தது. செகாவுக்கு அப்போது இருபத்தாறு வயது. நாலைந்து பக்கக் கதை. ஒன்பது வயசு வான்கா மாஸ்கோவில் ஒரு செருப்புத் தைப்பவனிடம் வேலை பழக வந்து மூன்று மாதம் ஆகிறது. எஜமானன் கோயிலுக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து, கசங்கின காகிதத்தை பெஞ்சியின்மேல் விரித்து, மண்டியிட்டுத் தாத்தாவுக்குக் கடிதம் எழுதுகிறான். வந்து அழைத்துக்கொண்டு போ தாத்தா என்பதுதான் கடிதத்தின் சாரம். தொட்டில் ஆட்டும்போது தூங்கிவிட்டதற்கு அடி விழுந்தது. மீனை வால் பக்கத்திலிருந்து கழுவத் தொடங்கியதற்கு எஜமானி மீன் தலையாலேயே முகத்தில் தேய்த்தாள்.

ஆனால் பாருங்கள், இவ்வளவு அழுகைக்கும் நடுவில் பையன் மாஸ்கோவைப் பற்றியும் எழுதுகிறான். பெரிய பட்டணம், தாத்தா. எல்லாம் கனவான்கள் வீடு. குதிரைகள் நிறைய, ஆடுகளே இல்லை. நாய்களுக்குக் கோபம் கிடையாது. கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம் தூக்கிக்கொண்டு பாடிப்போகிற வழக்கம் இங்கே பிள்ளைகளிடம் இல்லை. இவனும் ஒரு கடைக் கண்ணாடி முன்னால் நின்றிருக்கிறான். எதைப் பார்த்தான்? கேக்கையா, பொம்மையையா? தூண்டில் முள்ளை! ஒவ்வொரு மீனுக்கும் தகுந்த முள் இருக்கிறதாம். ஒரு முள் பதினாறு கிலோ கெளுத்தியைக்கூடத் தாங்குமாம். மற்றவர்கள் கண்ணாடிக்கு வெளியே நிறுத்திய குழந்தைக்கு வயிறு மட்டுந்தான் இருந்தது. செகாவ் நிறுத்திய குழந்தைக்கு ஒரு கிராமம் இருக்கிறது, ஆறு இருக்கிறது, மீனின் எடையைப் பற்றி அபிப்பிராயம்கூட இருக்கிறது. பரிதாபத்துக்காகப் படைக்கப்பட்டவன் அல்ல அவன், ஒரு ஆள்.

அவன் கேட்கிற பண்டிகைப் பரிசும் அப்படித்தான். கிராமத்துப் பெரிய வீட்டில் மரம் வைக்கும்போது தங்கக் காகிதம் சுற்றிய ஒரு வாதுமைக்கொட்டையை எடுத்துப் பச்சைப் பெட்டியில் தனக்காகப் பத்திரப்படுத்தச் சொல்கிறான். மாஸ்கோவிடம் அவனுக்குக் கேட்க ஒன்றும் இல்லை.

ஒரு கோப்பெக் கொடுத்து வாங்கின உறையில் அவன் விலாசம் எழுதுகிறான்: கிராமத்திலிருக்கும் தாத்தாவுக்கு. தலையைச் சொறிந்து யோசித்து, தாத்தாவின் பெயரையும் சேர்க்கிறான். ஊர் பெயர் இல்லை. போட்டது போட்டதுதான், கடிதம் போய்ச் சேராது. செகாவ் இதைச் சொல்வதுகூட இல்லை.

இந்தக் கடிதத்துக்கு ஒரு பதில் வந்தது. அறுபது வருஷம் கழித்து, வேறொரு பட்டணத்திலிருந்து. 1947ல் வந்த 'மிராக்கிள் ஆன் தர்ட்டிஃபோர்த் ஸ்ட்ரீட்' என்ற அமெரிக்கப் படத்தைச் சொல்கிறேன். பண்டிகைப் படத்தைக் கோடைகாலத்தில் வெளியிட்ட விசித்திரம் ஒருபுறம் இருக்கட்டும். நியூயார்க்கில் மேஸீஸ் என்ற பெரிய ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் ஒரு தாய், தன் மகளைக் கட்டுக்கதை எதுவும் சொல்லாமல் வளர்க்கிறாள். மகளாக நடித்த நாட்டலி வுட்டுக்கு அப்போது எட்டு வயது. கடையில் கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட வந்த கிழவர், தாம் நிஜமான தாத்தாவே என்று சாதிக்கிறார். விவகாரம் கோர்ட்டுக்குப் போகிறது. கேஸ் எப்படி ஜெயிக்கிறது? தாத்தாவுக்குக் குழந்தைகள் எழுதிய விலாசமற்ற கடிதங்கள் தபால் நிலையத்தில் மலையாகத் தேங்கிக் கிடக்கின்றன. இடத்தைக் காலி செய்வதற்காகச் சிப்பந்திகள் அவற்றை மூட்டை மூட்டையாகக் கோர்ட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். சர்க்கார் தபால் இலாகாவே இவரைத் தாத்தா என்று ஒப்புக்கொண்டபின் நீதிபதி என்ன செய்வார்!

வான்காவின் கடிதமும் அந்த மூட்டையில் இருந்திருக்கும் என்று நினைக்கத் தோன்றுகிறது. கெட்டிக்காரத்தனமான படம், வேஷக் கிழவராக வந்த எட்மண்ட் க்வென் ஆஸ்கார் பரிசு பெற்றதும் நியாயமே. ஆனால் கடிதங்கள் போய்ச் சேர்ந்தனவே ஒழிய, உள்ளே என்ன எழுதியிருந்தது என்று ஒருவரும் பிரித்துப் படிக்கவில்லை. கடைக்காரருக்கு விளம்பரம், நீதிபதிக்குத் தேர்தல் பயம், சிப்பந்திக்கு இடநெருக்கடி. படம் எடுத்தவர்களுக்கு இந்த ஹாஸ்யம் நன்றாகத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் அது இன்னும் பழசாகவில்லை.

அந்தப் பெண் குழந்தை கேட்ட பரிசு என்ன தெரியுமோ? ஊருக்கு வெளியே, ஊஞ்சல் கட்டின தோட்டத்தோடு ஒரு வீடு. இவளுக்குக் குளிர் இல்லை, பசி இல்லை. ஊர்வலத்தையே மாடி ஜன்னலிலிருந்து பார்க்கிற வசதி இருக்கிறது. இருந்தும் செருப்புக்கடைப் பையன் கேட்ட அதையேதான் கேட்கிறாள். 1992ல் வந்த 'ஹோம் அலோன்' இரண்டாம் பாகத்தில் ஒரு பையனுக்கு நியூயார்க்கின் பெரிய ஹோட்டலும் பொம்மைக்கடையும் தகப்பனாரின் கடன் அட்டையும் கிடைத்துவிடுகின்றன. திருடர்களை அடிக்கும் அமர்க்களத்தில் எனக்குச் சிரத்தை இல்லை. அவனும் கடைசியில் ராக்ஃபெல்லர் சென்டரின் பெரிய மரத்தடியில் நின்று அம்மாவைத்தான் கேட்கிறான்.

அம்மா வருகிறாள். ஊஞ்சல் வீடும் கிடைக்கிறது. சினிமாவில் கிடைக்கலாம். செகாவிடம் விஷயம் அவ்வளவு லேசாக முடியாது. விலாசம் சரியாக இருந்தாலும் முடியாது. கதையைத் திருப்பிப் படித்தால் ஒன்று தெரியும். வான்காவின் தாய் கிராமத்துப் பெரிய வீட்டில் வேலைக்காரி. அவள் இறந்ததும் பையனைச் சமையற்கட்டுக்குத் தாத்தாவிடம் தள்ளினார்கள். அங்கிருந்துதான் மாஸ்கோவுக்கு அனுப்பினார்கள். தாத்தா குடிகாரக் காவற்காரர், வேடிக்கைக்காரர், நாய்க்குப் பொடி போட்டுத் தும்ம வைத்துச் சிரிக்கிறவர். பையனிடம் பிரியம் இருந்திருக்கும். அனுப்பியபோது தடுத்ததாகக் கதையில் இல்லை.

குழந்தைகளுக்கு இந்தக் கதையைப் படித்துக் காட்டினால், விலாசம் வரும் இடத்தில் அவர்கள் சும்மா இருக்கமாட்டார்கள். பெயர்தான் எழுதியிருக்கிறானே, தபால்காரருக்குத் தாத்தாவைத் தெரியாதா என்று சண்டைக்கு வருவார்கள். நியூயார்க் கோர்ட்டில் ஜெயித்த வாதம் அது. வான்காவுக்கும் அதே நம்பிக்கைதான். கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்து, ஒரு மணி நேரத்தில் தூங்கிப்போகிறான். கனவில் கடிதம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. தாத்தா அடுப்பு மேடையில் வெறுங்காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்துகொண்டு, சமையற்காரிகளுக்கு அதைப் படித்துக் காட்டுகிறார். நாய் வாலை ஆட்டிக்கொண்டு அடுப்பைச் சுற்றி வருகிறது.