சூத்திரம் சரி, கணக்கு சரிதானா?

பள்ளி இயற்பியல் பாடநூல்களில் மின்னியல் பாடத்தின் இறுதியில் வழக்கமாக ஒரு கணக்கு இடம்பெறும். 230 வோல்ட்டு, 100 வாட் என்று குறிக்கப்பட்ட குண்டு பல்பு ஒன்று. அதன் மின்தடை என்ன? மின்னழுத்தம் 160 வோல்ட்டாகக் குறைந்தால் அது செலவிடும் திறன் எவ்வளவு?

மாணவர் நான்கு வரிகளில் விடை எழுதிவிடுவார். திறனை மின்னழுத்தத்தால் வகுத்தால் மின்னோட்டம் 0.435 ஆம்பியர். மின்னழுத்தத்தை அந்த மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை 529 ஓம். 160 வோல்ட்டில் மின்னோட்டம் 0.302 ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் திறன் ஏறத்தாழ 48 வாட். முழு மதிப்பெண்!

பெருக்கலிலும் வகுத்தலிலும் பிழை ஏதும் இல்லை. ஆனால் இந்தக் கணக்கு ஒன்றைச் சொல்லாமலே எடுத்துக்கொள்கிறது. 230 வோல்ட்டில் இருந்த மின்தடைதான் 160 வோல்ட்டிலும் இருக்கும் என்பதே அது. குண்டு பல்பைப் பொறுத்தவரை இது உண்மையன்று.

பல்பினுள் இருப்பது டங்ஸ்டன் இழை. எரியும்போது அதன் வெப்பநிலை சுமார் 2500 டிகிரி செல்சியஸ். சூடு ஏற ஏற அதன் மின்தடையும் ஏறும். கழற்றி வைத்த 100 வாட் பல்பின் மின்தடையை மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். 529 ஓம் வராது. 40 ஓம் அளவில்தான் இருக்கும். சுவிட்சைப் போடும் கணத்தில் பத்து மடங்குக்கு மேல் மின்னோட்டம் பாய்வதும், பல பல்புகள் அந்தக் கணத்திலேயே ‘பியூஸ்’ ஆவதும் இதனால்தான். 160 வோல்ட்டில் இழை சற்றுக் குளிர்ந்திருக்கும், மின்தடையும் குறைந்திருக்கும். ஆகவே பல்பு 48 வாட் அல்ல, சுமார் 56 வாட் எடுக்கும். வெளிச்சமோ மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். பாதித் திறன் என்றால் பாதி வெளிச்சம் என்று எண்ணியிருந்தவருக்கு இது வியப்பாக இருக்கும்.

இந்த விதியைத் தந்த ஜார்ஜ் சைமன் ஓம் ஜெர்மனியில் கொலோன் நகரப் பள்ளி ஆசிரியர். அக்கால மின்கலங்களின் மின்னழுத்தம் நிலையாக நிற்காததால் அவர் வெப்ப மின்னிரட்டையைக் கையாண்டார். அதன் ஒரு முனை கொதிநீரில், மறுமுனை உருகும் பனிக்கட்டியில். 1826இல் கம்பிகளை ஒவ்வொன்றாக மாற்றி அளந்து, 1827இல் தம் நூலை வெளியிட்டார். வெப்பநிலை மாறாதிருந்தால்தான் அவர் விதி செல்லும். இன்றைய மாணவருக்கோ அது ஒரு முக்கோணமாக வந்து சேர்கிறது. வேண்டியதை விரலால் மறைத்தால் விடை! நிபந்தனை எங்கோ உதிர்ந்துவிட்டது.

இது ஏட்டோடு நின்றுவிடும் குறையும் அன்று. பசுவந்தனைப் பக்கம் ஒரு தோட்டத்துக் கிணற்றை எண்ணிக்கொள்ளுங்கள். அந்தக் கரிசல் காடு பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. அங்கே கிணறும் மோட்டாரும் உள்ள குடும்பத்துக்கு அந்த மோட்டாரே உயிர்நாடி. ஐந்து குதிரைத் திறன் உள்ள மும்முனை மோட்டார் 415 வோல்ட்டில் சுமார் 7.5 ஆம்பியர் எடுக்கிறது என்று கொள்வோம். மின்கம்பி வரிசையின் கடைக்கோடியில் அழுத்தம் 340 வோல்ட்டாக இறங்குகிறது. பாடநூல் கணக்குப்படி மின்னோட்டமும் குறைய வேண்டும். மோட்டாருக்கு ஆபத்தில்லை என்று படித்த பிள்ளை சொல்லக்கூடும்.

நடப்பது நேர்மாறானது. மோட்டார் ஏறக்குறைய அதே வேகத்தில், அதே தண்ணீரை, அதே ஆழத்திலிருந்து ஏற்ற வேண்டும். வேலை குறையாததால் அழுத்தம் குறைந்த அளவுக்கு மின்னோட்டம் கூடும். சுமார் 9 ஆம்பியருக்கு ஏறிவிடும். சுருளில் தோன்றும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப மிகும் என்று ஜேம்ஸ் ஜூல் 1841இல் காட்டினார். அதன்படி வெப்பம் ஒன்றரை மடங்காகும். நெடுநேரம் ஓடினால் காயில் கருகும். பிறகு மோட்டாரை ஏற்றிக்கொண்டு கோவில்பட்டிக்குப் போய்க் காயில் கட்ட வேண்டியதுதான். அதற்குள் பயிரும் வாடிவிடும்.

திறன் கணக்கையும் பாருங்கள். 415ஐ 7.5ஆல் பெருக்கினால் சுமார் 3110 வாட். ஐந்து குதிரைத் திறன் என்பதோ 3730 வாட். வாங்குவதைவிட அதிகமாகக் கொடுக்கும் மோட்டார் உலகில் உண்டா? மும்முனை மின்சாரமாதலால் 1.732ஆல் பெருக்க வேண்டும். திறன் காரணியாலும் பெருக்க வேண்டும். திறன் காரணி 0.83 என்றால் உள்ளே செல்வது சுமார் 4475 வாட். இது பொருந்துகிறது.

அப்படியானால் பாடநூல் கணக்கு எதற்குத்தான் பொருந்தும்? தேய்ப்புப் பெட்டிக்கு நன்றாகவே பொருந்தும். அதிலுள்ள நிக்ரோம் கம்பியின் மின்தடை சூட்டால் அதிகம் மாறுவதில்லை. 750 வாட் பெட்டி 160 வோல்ட்டில் 363 வாட் எடுக்கும் என்று துணிந்து சொல்லலாம். இன்று குண்டு பல்பின் இடத்தைப் பிடித்துவிட்ட எல்.இ.டி. விளக்கு மோட்டாரின் கட்சி. தரமான விளக்கின் உள்ளிருக்கும் மின்சுற்று, அழுத்தம் குறைந்தால் மின்னோட்டத்தைக் கூட்டித் திறனை ஏறத்தாழ நிலையாக வைத்துக்கொள்கிறது.

இந்தக் கணக்குகளைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. வோல்ட்டும் ஆம்பியரும் ஓமும் கைக்குப் பழக அவை வேண்டும். பல்புக்குப் பதில் தேய்ப்புப் பெட்டியைப் போடலாம். ‘மின்தடை மாறாது எனக் கொள்க’ என்று ஒரு வரி சேர்க்கலாம். அடுத்த வினாவாக ‘இந்த எடுகோள் எந்தக் கருவிகளுக்குப் பொருந்தாது, ஏன்?’ என்று கேட்கலாம்.

மாணவர்களே, நீங்களே சோதித்துப் பாருங்கள். ஒரு டார்ச் பல்பை முதலில் ஒரு செல்லோடும், பிறகு இரண்டு செல்களோடும் இணைத்து, ஒவ்வொரு முறையும் மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் அளந்து வகுத்துப் பாருங்கள். இரு விடைகளும் ஒன்றாக இரா. (வீட்டு மின்சாரத்தில் இதைச் செய்யக்கூடாது.) பிறகு தோட்டத்து ஸ்டார்ட்டர் பலகையில் உள்ள வோல்ட்மீட்டரைப் பாருங்கள். முள் மிகவும் இறங்கியிருந்தால் மோட்டாரை நிறுத்திவைக்கும்படி வீட்டாரிடம் சொல்லுங்கள். காரணம் கேட்டால் விளக்கவும் இப்போது உங்களால் முடியும்.