புகையும் பிரார்த்தனையும்

பைபிளில் தூபம் எதைக் குறிக்கிறது என்று கேட்டால், பிரார்த்தனையைக் குறிக்கிறது என்று உடனே பதில் வந்துவிடும். தவறான பதில் அல்ல. ஆனால் அதோடு திருப்தி அடைகிறவர்கள் பாதி வழியில் நின்றுவிடுகிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இன்னதற்கு இன்னது அடையாளம் என்று மனசில் ஓர் அகராதியை வைத்துக்கொண்டு படிக்கிற பழக்கம் நாவல் வாசகர்களிடமும் உண்டு. மழை பெய்தால் துக்கம். விளக்கு அணைந்தால் மரணம். பைபிளை எழுதியவர்கள் தங்கள் குறியீட்டை அவ்வளவு சுலபமாக நம்பிவிடவில்லை. அந்த அவநம்பிக்கைதான் அதை உயிரோடு வைத்திருக்கிறது என்பது என் கட்சி.

முதலில் தூபம் ஒரு பொருள். யாத்திராகமம் 30ஆம் அதிகாரத்தில் அதன் பக்குவம் இருக்கிறது. வாசனைப் பொருள்கள் மூன்று, சுத்தமான சாம்பிராணி, எல்லாம் சம எடை. உப்பும் சேர வேண்டும். அதே கலவையைத் தன் சுகத்துக்காகச் செய்து முகருகிறவனைச் சமூகமே தள்ளிவைத்துவிடும். வெள்ளிக்கிழமை மாலையில் கூடத்திலிருந்து சமையலறை வரை சாம்பிராணி காட்டுகிற நம் வாசகர்கள் இங்கே சற்று நிதானிக்க வேண்டும். நம் புகை வீட்டுக்குள் தாராளமாக உலவுவது. இதுவோ ஆலயத்தைத் தவிர வேறெங்கும் எழக் கூடாதது.

இன்னொரு விசேஷம். அந்த மூன்று பொருள்களில் கல்பனம் என்ற பிசினும் ஒன்று. அதன் வாசனை நல்லதல்ல என்று யூதர்களின் தால்முதே ஒப்புக்கொள்கிறது. ஆனாலும் அது கலவையில் உண்டு. பாவிகளை வெளியே நிறுத்திவிட்டு இருக்கிற உபவாசம் உபவாசமே ஆகாது என்று அதிலிருந்து ஒரு பாடமும் எடுக்கிறார்கள். பொருளை நன்றாக அறிந்தவர்களுக்குத்தான் இந்த மாதிரி அர்த்தம் கிடைக்கும்.

அடுத்தது லேவியராகமம் 16ஆம் அதிகாரம். வருஷத்துக்கு ஒரு நாள் பிரதான ஆசாரியன் திரைக்கு உள்ளே போகிறான். அவன் கொண்டுபோகும் தூபத்தின் புகை கிருபாசனத்தை மூட வேண்டும். இல்லாவிட்டால் அவன் உயிர் தங்காது. இங்கே புகை செய்தி கொண்டுபோகும் தூதன் அல்ல, மறைப்பு. கடவுளை நெருங்குகிறவனுக்கு அவரைப் பார்க்காமல் இருப்பதே பாதுகாப்பு.

எண்ணாகமம் 16ஆம் அதிகாரத்தில் தூபகலசம் ஏந்தி நின்ற 250 பேர் தீயில் எரிந்து போகிறார்கள். ஆசாரிய உரிமை தங்களுக்கும் உண்டு என்று வாதாடியவர்கள் அவர்கள். அதே அதிகாரத்தில், ஜனங்களிடையே கொள்ளைநோய் பரவும்போது, ஆரோன் தூபகலசத்தை எடுத்துக்கொண்டு ஓடுகிறான். செத்தவர்களுக்கும் உயிரோடிருப்பவர்களுக்கும் நடுவில் நிற்கிறான். நோய் நிற்கிறது. அதற்குள் 14,700 பேர் போய்விட்டார்கள். கொல்வதும் காப்பதும் ஒரே புகை. அகராதிக்காரர்கள் இதை எங்கே சேர்ப்பார்கள்?

ஏசாயா தீர்க்கதரிசி இன்னும் கடுமை. கையில் இரத்தக் கறையோடு காட்டுகிற தூபம் கடவுளுக்கு அருவருப்பு என்று சொல்லிவிடுகிறார். ஏழைக்கும் விதவைக்கும் நியாயம் செய்யாதவனுடைய புகையும் வேண்டாம், ஜெபமும் வேண்டாம். 141ஆம் சங்கீதக்காரனோ தூபத்தின் இடத்தில் தன் வேண்டுதலையே வைத்து, அதை ஏற்றுக்கொள்ளும்படி மன்றாடுகிறான். பிரார்த்தனை தூபம் ஆவது இங்கேதான். அதுகூட உரிமையாக அல்ல, விண்ணப்பமாக!

கதாசிரியன் என்ற முறையில் என்னை மிகவும் கவர்ந்தது லூக்கா சுவிசேஷத்தின் முதல் அதிகாரம். சகரியா வயோதிக ஆசாரியன், பிள்ளை இல்லாதவன். தூபம் காட்டச் சீட்டு அவன் பேருக்கு விழுகிறது. இதுவரை காட்டாதவர்களைத்தான் சீட்டுக்குக் கூப்பிடுவார்கள் என்று மிஷ்னா சொல்கிறது. அப்படியானால் ஆயுளில் ஒருமுறை வாய்க்கிற வேளை. வெளியே ஜனங்கள் பிரார்த்தித்துக்கொண்டிருக்கிறார்கள். உள்ளே தூபபீடத்தின் வலப்பக்கத்தில் தேவதூதன் நிற்கிறான். உன் வேண்டுதல் கேட்கப்பட்டது, மகன் பிறப்பான் என்கிறான். கிழவனால் நம்ப முடியவில்லை. வெளியே ஜனங்கள் ஏன் தாமதம் என்று திகைக்கிறார்கள். கடைசியில் அவன் வெளியே வருகிறான், பேச்சு போய்விட்டது. பிரார்த்தனை பலித்த இடத்திலேயே பிரார்த்தித்த வாய் அடைபடுகிறது. இதற்குமேல் ஒரு வார்த்தை விளக்கம் சேர்த்திருந்தால் லூக்கா இதைக் கெடுத்திருப்பார். அவர் சேர்க்கவில்லை.

கி.பி. 70இல் ரோமர்கள் எருசலேம் ஆலயத்தை அழித்தார்கள். பீடமும் போயிற்று, புகையும் போயிற்று. வெளிப்படுத்தின விசேஷம் அதற்குப் பிறகு எழுதப்பட்டது என்பது பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. அதன் 5ஆம் அதிகாரத்தில் பொற்கலசங்களில் இருக்கும் தூபமே பக்தர்களின் பிரார்த்தனை. 8ஆம் அதிகாரத்துக்கு வந்தால் தூபம் வேறு, பிரார்த்தனை வேறு. ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துத் தேவதூதன் செலுத்துகிறான். அதற்கு முன்னால் பரலோகத்தில் அரைமணி நேரம் மௌனம். பிறகு அதே கலசத்தில் பீடத்து நெருப்பை நிரப்பிப் பூமியின்மேல் கொட்டுகிறான். இடி, மின்னல், பூகம்பம். மேலே போனதற்குப் பதில் இப்படி வருகிறது. பிரார்த்தனை இனிய மணமாக எழும்பிக் கரைந்துவிடும் என்று நினைத்துப் படிக்கிறவர்களுக்கு அந்த இடம் பிடிக்காது. துன்புறுத்தப்பட்டு, நியாயம் எப்போது கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அதை வேறுவிதமாகப் படித்திருப்பார்கள்.

நம் நாவல்களில் இப்போது குறியீடுகளுக்குக் குறைவில்லை. ஆனால் அவற்றில் பல, பெயர்ச்சீட்டு ஒட்டிய புட்டிகள். இங்கே நான் சொன்ன பகுதிகளை வரிசையாக ஒருமுறை படித்துப் பாருங்கள். பக்திக்காகப் படித்தாலும் சரி, கதைக்காகப் படித்தாலும் சரி. ஒரு பிடிச் சாம்பிராணியை இத்தனை தலைமுறை எழுத்தாளர்கள் கை மாற்றிக் கொடுத்தும், அதன் சூடு ஆறாமல் இருப்பது உங்களுக்கே தெரியும்.