பசி எடுத்த பெட்டி

எதிர் ஃபிளாட்டில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். 2008-ல் வாங்கிய டெஸ்க்டாப்பில் தன் ஊர் வட்டார வழக்குச் சொற்களை அகராதியாகத் தொகுத்துக்கொண்டிருக்கிறார். போன மாதம் அது படுத்துவிட்டது. ஒரு ஃபைல் திறப்பதற்குள் காபி போட்டுக் குடித்து டம்ளரையும் கழுவி வைத்துவிடலாம். கடைக்காரர் பார்த்துவிட்டு, “தூக்கிப் போடுங்க சார், நாப்பதாயிரத்துல புதுசு வந்துரும்” என்றாராம்.

“ஒரு மாசப் பென்ஷன் தம்பி” என்றார் என்னிடம்.

மூடியைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே 1 ஜி.பி. மெமரி. பெட்டிக்கு நோயில்லை, பசி.

மெமரி என்பது அஞ்சறைப் பெட்டி மாதிரி. கை நீட்டினால் கடுகு. அதில் இடம் போதாவிட்டால் கம்ப்யூட்டர் ஹார்ட் டிஸ்க்குக்கு ஓடுகிறது. அது மளிகைக் கடை. பழைய டிஸ்க், மெமரியைவிட ஏறத்தாழ லட்சம் மடங்கு மந்தம். அஞ்சறைப் பெட்டியில் ஒரு செகண்ட் என்றால், கடைக்குப் போய்வர ஒரு நாளுக்கு மேல்!

ரிச்சி ஸ்ட்ரீட்டில் 2 ஜி.பி. பழைய மெமரி இரண்டு, எண்ணூறு ரூபாய்க்குக் கிடைத்தன. நீங்கள் வாங்கினால் கவனிக்க: டி.டி.ஆர்.2, டி.டி.ஆர்.3 இரண்டுக்கும் 240 பின்கள்தான். ஆனால் நடுவில் உள்ள வெட்டு இடம் மாறியிருக்கும். ஒன்று மற்றதில் உட்காராது, அழுத்தினால் உடையும். மதர்போர்டு எத்தனை ஜி.பி. தாங்கும் என்று முதலில் பாருங்கள். பிளக்கைப் பிடுங்கி, கேபினெட்டின் இரும்பைத் தொட்டுவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். காலில் கறுப்பு படிந்திருந்தால் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேயுங்கள். இரண்டு பக்கமும் ‘டக்’ என்று கேட்கவேண்டும்.

போட்டோம். 4-க்குப் பதில் மூன்றேகால்தான் காட்டியது. “ஏமாத்திட்டானா?” என்றார் ஐயா. இல்லை. 32 பிட் சிஸ்டத்தில் டோர் நம்பர்கள் மொத்தமே 429 கோடிச் சொச்சம். அதில் கொஞ்சத்தை டிஸ்ப்ளே கார்டு வகையறா எடுத்துக்கொள்கின்றன. மிச்சம்தான் நமக்கு. அதுவே போதும், அகராதி உடனே திறந்தது.

இப்போது என் கோபம். 1969-ல் நிலவில் இறங்கிய அப்போலோ கம்ப்யூட்டரில் எழுதி அழிக்கக்கூடிய மெமரி சுமார் 4 கே.பி. ஐயாவின் 1 ஜி.பி. அதைப்போல் இரண்டரை லட்சம் மடங்கு. அது ஒரு அகராதிக்குப் போதவில்லையாம்! விண்டோஸ் 95 கேட்ட குறைந்தபட்சம் 4 எம்.பி. 2001-ல் எக்ஸ்.பி. 64 எம்.பி. 2021-ல் விண்டோஸ் 11 கேட்பது 4 ஜி.பி. இருபத்தாறு வருஷத்தில் ஆயிரம் மடங்கு. நாம் டைப் அடிக்கும் வேகம் மட்டும் அதேதான். பாஸ்கல் மொழியைப் படைத்த நிக்லாஸ் விர்த் 1995-லேயே புலம்பினார்: ஹார்டுவேர் வேகமாவதைவிட சாஃப்ட்வேர் மந்தமாவது வேகமாக நடக்கிறது என்று. யாரும் கேட்கவில்லை. மெமரி மலிவு என்று சிக்கனத்தை மறந்தோம். 2025 கடைசியில் ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் சிப்புகளை அள்ளிக்கொள்ள, விலை எகிறியது.

ஒரு நியாயமும் சொல்லவேண்டும். அந்த 4 எம்.பி. காலத்தில் தமிழுக்குத் தனி ஃபான்ட். அது இல்லாதவருக்கு அனுப்பினால் வெறும் கிறுக்கல். விண்டோஸ் 2000-த்தில்தான் யூனிகோடு தமிழ் உள்ளேயே வந்தது. பருமனில் கொஞ்சம் நமக்காகவும்தான்.

ஆனால் சில கம்பெனிகள் மெமரியை போர்டிலேயே பற்றவைத்துவிடுவதற்கு என்ன நியாயம்? ஆப்பிள் 2014-ல் மேக் மினியில் அதைச் செய்தது. வாங்கும்போதே பத்து வருஷப் பசியை யூகித்துக் காசு கட்டவேண்டும். தப்பினால் ஸ்க்ரூடிரைவருக்கு வேலையில்லை, எண்ணூறு ரூபாய் வைத்தியமும் இல்லை. புதுசுதான். மெமரியைக் கழற்ற முடியாத பெட்டியை விற்பவர் அதன் சாவுத் தேதியையும் சேர்த்தே விற்கிறார்.

ஐயா ‘ம’ வரிசையில் இருக்கிறார். “மெமரிக்கு நினைவகம்னு பேர் வச்சது சரிதான் தம்பி. அகம்னா வீடு. ஒரு ரூம் சேர்த்துக் கட்டினா ஆச்சு. அந்தப் பய வீட்டையே இடிக்கச் சொன்னானே!”