'காஷ்' என்னும் சொல்லும் நம் காசும்

கைப்பணத்தைக் குறிக்கும் 'காஷ்' என்னும் ஆங்கிலச் சொல் நம் 'காசு' என்பதினின்றும் பிறந்ததெனப் பலர் கூறக் கேட்கின்றோம். யாழ்ப்பாணத்தார்க்கு இக்கூற்று இனிதாகவே இருக்கும். பணம் என்பதினும் காசு என்பதே நம் நாவிற் பயில்வது. அஞ்சலகத்திற் காசுக்கட்டளை, வங்கியிற் காசோலை என்றே வழங்குகின்றோம். ஆயின் இனிமை வேறு, உண்மை வேறு. இக்கூற்றை ஈண்டு ஆராய்வாம்.

ஆங்கிலத்திற் 'காஷ்' என ஒலிப்பது ஒரு சொல்லன்று, இரண்டு சொற்களாம். கைப்பணத்தைக் குறிப்பது பெட்டி எனப் பொருள்படும் 'கப்சா' என்னும் இலத்தீன் சொல்லின் வழித்தோன்றல். அது இத்தாலியத்திற் 'காசா' எனவும் பிரெஞ்சிற் 'கெஸ்' எனவும் திரிந்து, வணிகரின் பணப்பெட்டியைக் குறித்தது. பின்னர்க் கணக்கேட்டிலே ஒரு தலைப்பாகி, ஈற்றிற் பெட்டியுள் இருந்த பணத்துக்கே பெயராயிற்று. இதனை நம் இலக்கண நூலார் இடவாகுபெயர் என்பர்.

மற்றையது கீழைத்தேயச் சிறு நாணயத்தின் பெயர். இதுவே நம் காசு. போர்த்துக்கேயர் அதனைக் 'காய்ஷா' என்றனர். அவர்தம் மொழியிற் பெட்டிக்கும் அதுவே பெயராதலின், இரு சொற்களும் ஒலியால் மயங்கின. ஆங்கிலர் அதனைக் 'காஷ்' ஆக்கினர். 1818இல் உரூபா முறை நிலைபெறும்வரை சென்னையில் 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு நட்சத்திர வராகன். சீனரின் துளையுடைச் செப்பு நாணயத்துக்கும் ஐரோப்பியர் இப்பெயரையே இட்டனர். 1886இல் வெளியான, யூல், பேர்னல் என்போரின் 'ஹொப்சன் ஜொப்சன்' அகராதி இந்நாணயப் பெயரைக் காசு என்பதனோடு தொடர்புறுத்திக் காட்டும்.

ஒலியொற்றுமை உறவாகாது என்பதற்கு இன்னுமொரு சான்றுண்டு. காசாளரைக் குறிக்கும் 'காஷியர்' பெட்டியின் வழிவந்தது. படைத்தலைவனைப் பதவி நீக்குதலைக் குறிக்கும் அதே வடிவினதாகிய வினைச்சொல்லோ, உடைத்தல், தள்ளுதல் எனப் பொருள்தரும் வேறொரு பிரெஞ்சுச் சொல்லின் வழியது.

இவ்வாராய்ச்சியால் தமிழுக்கு இழுக்கு யாது? ஒன்றுமில்லை. நம் சொல் சீனத்து நாணயத்துக்கும் பெயராகிய பெருமை மெய்ப்பெருமை. கட்டுமரமும் சுருட்டும் ஆங்கிலம் புக்கமையை அந்நாட்டு அகராதிகளே ஒப்புகின்றன. ஆதாரமற்ற ஒன்றையும் உடன்சேர்த்து உரிமை கோரின், பிறர் இவற்றையும் ஐயுறுவர். நல்லூர்ச் சுவாமி ஞானப்பிரகாசர் சொற்பிறப்பு ஒப்பியல் அகராதி தொகுக்கப் புகுந்த மண் இது. அவர் முடிபுகளை ஏற்பினும் மறுப்பினும், சொல்லாராய்ச்சி உழைப்பாலாவது என்பதை அவர்பாற் கற்றல் தகும்.

வெண்பாவின் ஈற்றிலும் காசு உண்டு, மேகலையிற் கோத்த மணியும் காசு, குற்றமும் காசு. வடிவு ஒன்றாயினமையால் இவற்றின் பொருளும் ஒன்றென நாம் கொள்வதில்லை. நம் மொழியிற் காட்டும் இவ்வெச்சரிக்கையைப் பிறமொழியிலும் காட்டுதல் கடன். காசு பற்றிய ஆராய்ச்சி காசறு ஆராய்ச்சியாதல் வேண்டும்.