மேலே பந்தயம், கீழே கத்தி

‘கிரேஸ் அனாடமி’ என்றாலே பலருக்கும் லிஃப்ட்டில் நடக்கும் காதல்தான் நினைவுக்கு வரும். எனக்கு 2005 மார்ச்சில் ஏபிசி சேனலில் வந்த அதன் முதல் எபிசோட்தான் பெரிது.

சியாட்டிலில் பயிற்சி அறுவை மருத்துவர்களுக்கு முதல் நாள். ஷிஃப்ட் 48 மணி நேரம். அன்றே அவர்களில் ஒருவனான ஜார்ஜ் கையில் கத்தி கொடுக்கிறார்கள், குடல்வால் அறுவைக்கு. மேலே கண்ணாடிக்குப் பின்னால் சக பயிற்சியாளர்கள் அவன் எங்கே சொதப்புவான் என்று பந்தயம் கட்டுகிறார்கள். மெரிடித் மட்டும் முடித்துவிடுவான் என்று 50 டாலர் கட்டுகிறாள். குடல்வால் வெளியே வந்துவிடுகிறது, ஆரவாரம். பாக்கி ஒரு சுருக்குத் தையல்தான். அதை இழுக்கிற இழுப்பில் பெருங்குடலின் ஆரம்பப் பகுதி கிழிந்து ரத்தம் பெருக, ஜார்ஜ் உறைந்து நிற்கிறான். மூத்தவர் பர்க் அவனை ஒதுக்கிவிட்டு வேலையை முடிக்கிறார். ‘007’ என்று பட்டப்பெயர் வேறு: கொல்ல லைசென்ஸ் உள்ளவனாம்!

எழுதிய ஷோண்டா ரைம்ஸின் கெட்டிக்காரத்தனம், இதய அறுவையை விட்டுவிட்டு இந்தச் சாதாரண அறுவையைத் தேர்ந்தெடுத்தது. எளிது என்று எல்லோரும் சொல்லும் வேலையில் தோற்பதுதானே அவமானம்.

அந்த 48 மணி நேரம் மட்டும் மிகை. அமெரிக்காவில் 2003இலேயே பயிற்சி மருத்துவர்களுக்கு வாரம் 80 மணி நேரம் என்று வரம்பு வந்துவிட்டது. தொடர்ந்து பார்க்கும் பணிக்கும் தனி வரம்பு உண்டு. (ஏட்டில் இருந்தால் போதுமா என்பது வேறு கதை.)

சீசன்கள் 20ஐத் தாண்டிவிட்டன. அத்தனையும் வேண்டாம், முதல் எபிசோடைப் பாருங்கள்.