பிறப்புரிமையா, பயிற்சியா?
கட்டிளமைப் பருவத்தினருக்கான 'விக்கா' நாவல்களும் வாசகர் தீர்ப்பும்

1

வாசகர் அபிப்பிராயம் என்பது திறனாய்வாளர் பலர் ஐயத்துடன் நோக்கும் ஒன்றாகும். 'கதை நன்றாயிருந்தது', 'இடையிலே சலிப்புத் தட்டியது', 'நாயகியை எனக்குப் பிடித்தது' என்பன போன்ற கூற்றுக்கள் இரசனையின் வெளிப்பாடுகளேயன்றித் திறனாய்வாகா என்று கூறி அவற்றை ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின், ஒரே வகை நூல்களைக் குறித்து வெவ்வேறு வாசகர் குழுக்கள் ஒன்றுக்கொன்று முரணான தீர்ப்புக்களைத் திரும்பத் திரும்ப வழங்குமிடத்து, அம்முரண்பாட்டைத் தனிமனித இரசனை வேறுபாடாக மட்டும் கொள்ளல் இயலாது. அதன் பின்னால் சமூக நலன்களும் நம்பிக்கைகளும் அச்சங்களும் தொழிற்படுகின்றன. அவ்வாறாயின் வாசகர் அபிப்பிராயம் திறனாய்வாளனுக்குத் தீர்ப்பாக அன்றிச் சான்றாக அமையும்.

இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவிலே கட்டிளமைப் பருவத்தினருக்காக வெளிவந்த 'விக்கா' நாவல்களும் அவை பற்றிய வாசகர் கருத்துக்களும் இதனை விளக்கத்தக்க எடுத்துக்காட்டாகும். இந்நாவல்கள் பேரிலக்கியங்கள் அல்ல. சந்தைக்கென எழுதப்பட்ட தொடர்நூல்களே. எனினும், சாதாரண இளம் வாசகர் எதனை விரும்பிப் படிக்கின்றனர், ஏன் விரும்புகின்றனர் என்பதை அறியாது இலக்கியத்தின் சமூகப் பணி பற்றிப் பேசுவது அந்தரத்திற் கோட்டை கட்டுவதாகவே முடியும்.

2

விக்கா என்பது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் உருப்பெற்ற ஒரு புதிய சமயநெறியாகும். அதனை உலகறியச் செய்தவர் ஜெரால்ட் கார்ட்னர். இளமையில் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களிலும் பின்னர் மலாயாவின் சுங்கத் திணைக்களத்திலும் பணிபுரிந்தவர் இவர். 1735 ஆம் ஆண்டின் சூனியச் சட்டம் 1951 இல் நீக்கப்பட்ட பின்னர், 1954 இல், 'இன்றைய சூனியம்' எனப் பொருள்படும் தலைப்பில் நூலொன்றை அவர் வெளியிட்டார். ஐரோப்பாவின் பழஞ்சமயமொன்று திருச்சபையின் கண்ணிற் படாது தலைமறைவாக வாழ்ந்து வந்தது என்று மார்கிரட் மறே 1921 இல் முன்வைத்த கருத்தே அவருக்கு ஆதாரமாயிற்று. வரலாற்றறிஞர் அக்கருத்தைப் பின்னர் நிராகரித்தனர். விக்கா நவீன காலத்தின் படைப்பே என்பதை ரொனல்ட் ஹட்டன் 1999 இல் வெளியிட்ட ஆய்வு விரிவாக நிறுவியது.

இயற்கையைப் புனிதமாகக் கொள்ளுதல், தேவியையும் தேவனையும் ஒருங்கே வழிபடுதல், எவருக்கும் தீங்கிழையாது தன் விருப்பின்படி வாழ்தல் என்பன இந்நெறியின் அடிப்படைகள். இதனைப் பின்பற்றுவோர் தம்மைக் குறிக்க ஆங்கிலத்திற் கையாளும் சொல்லுக்குத் தமிழில் 'சூனியக்காரி' என்பதே வழக்கிலுள்ள நேர்ச்சொல். பிறருக்குக் கேடு விளைப்பவள் என்ற வசை அதில் உறைந்து கிடக்கின்றது. ஆங்கிலச் சொல்லும் அத்தகையதே. வசைச் சொல்லை வேண்டுமென்றே எடுத்துத் தமக்குப் பெயராகச் சூடிக்கொண்டமை இவ்வியக்கத்தின் கலகப் பண்பைக் காட்டுகின்றது. அறுபதுகளுக்குப் பின்னர் அமெரிக்கப் பெண்ணிலைவாதிகளிற் சிலர் இதனால் ஈர்க்கப்பட்டமை வியப்பன்று.

1986 இல் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றமொன்று விக்காவைச் சட்டத்தின் பாதுகாப்புக்குரிய சமயமாக ஏற்றது. 1990 இல் ஏறக்குறைய 8,000 ஆக மதிப்பிடப்பட்ட விக்கா நெறியினரின் தொகை, அமெரிக்கச் சமய அடையாள மதிப்பீட்டின்படி 2001 இல் 134,000 ஆகவும் 2008 இல் 342,000 ஆகவும் உயர்ந்தது. இந்த வளர்ச்சியைச் சந்தை கவனியாது விடவில்லை. 1996 இல் 'த கிராஃப்ற்' என்னும் திரைப்படமும், 1998 இல் 'சார்ம்ட்' என்னும் தொலைக்காட்சித் தொடரும் வந்தன. அதே ஆண்டில் சில்வர் றேவன்வூல்ஃப் பதின்வயதினருக்கென எழுதிய விக்காக் கைந்நூலொன்றும் வெளிவந்தது. இந்தச் சூழலிலேதான் நாம் கருத்திற்கொள்ளும் நாவல்கள் தோன்றின.

3

இவ்வகையில் இரு தொடர்களை ஒப்புநோக்குதல் பயனுடையது. ஒன்று, கேற் ரியர்னன் என்னும் புனைபெயரில் எழுதப்பட்ட 'ஸ்வீப்'. 2001 முதல் 2003 வரை 15 நூல்களாக வெளிவந்த இத்தொடர் பிரித்தானியாவில் 'விக்கா' என்ற பெயரிலேயே விற்பனையாயிற்று. மற்றையது, இஸபெல் பேர்ட் என்னும் பெண்பாற் புனைபெயரில் மைக்கல் தோமஸ் ஃபோர்ட் எழுதிய 'சேர்க்கிள் ஒவ் த்ரீ', அதாவது 'மூவர் வட்டம்'. இதுவும் 15 நூல்கள் கொண்டது. 2001, 2002 ஆகிய இரு ஆண்டுகளுக்குள் முழுவதும் வெளிவந்தது. உற்பத்தியின் இந்த வேகம் உருவத்தையும் பாதித்துள்ளது. முன்கதையை மீளக் கூறல், முடிவிலே புதிர் வைத்து நிறுத்தல் ஆகிய தொடர்கதை உத்திகள் இரண்டிலும் மலிந்துள்ளன.

'ஸ்வீப்' தொடரின் நாயகி மோர்கன் பதினாறு வயதினள், கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்பவள், தன்னை அழகற்றவளென எண்ணுபவள். பாடசாலைக்குப் புதிதாக வந்த கால் என்னும் இளைஞன் மாணவர்க்கு விக்காவை அறிமுகஞ் செய்கின்றான். அவ்வேளை அவளுள் அசாதாரண ஆற்றல் வெளிப்படுகின்றது. அவ்வாற்றல் இரத்தவழி வருவது என்றறிந்ததும், வளர்த்தோர் தன்னைப் பெற்றோரல்லர் என்ற உண்மையும் அவளுக்குப் புலனாகின்றது. 'மூவர் வட்டம்' வேறுபட்டது. கேற் என்னும் மாணவி நூலகத்தில் அகப்பட்ட மந்திர நூலொன்றைக் கொண்டு தான் விரும்பிய இளைஞன்மீது வசியம் செய்கின்றாள். அது பலித்து, கட்டுக்கடங்காது போய்விடுகின்றது. அதனைச் சீர்செய்ய முனைகையில் அனி, கூப்பர் என்னும் இருவர் அவளுக்குத் தோழியராகின்றனர். பின்னர் மூவரும் ஓர் ஆண்டும் ஒரு நாளும் நீடிக்கும் வகுப்பிலே சேர்ந்து முறைப்படி பயின்று, தீட்சை பெறும் தகுதியை நோக்கிச் செல்கின்றனர்.

4

இந்நாவல்கள் பற்றிய வாசகர் கருத்துக்களை நோக்குமிடத்து மூன்று நிலைப்பாடுகள் துலக்கமாகத் தெரிகின்றன.

முதலாவது, விக்கா நெறியைக் கைக்கொள்ளும் வாசகரது நிலைப்பாடு. அவர்கள் உரைகல்லாகக் கொள்வது உண்மைத்தன்மையை. சடங்குகள் சரியாகச் சித்திரிக்கப்பட்டுள்ளனவா, பண்டிகைகளின் பெயர்கள் பிழையின்றி உள்ளனவா, பிறர் விருப்புக்கு மாறாக மந்திரம் செய்தல் தவறு என்ற அறம் பேணப்பட்டுள்ளதா என்று அவர்கள் வினவுகின்றனர். இவ்வளவுகோலின்படி 'மூவர் வட்டம்' பாராட்டையும், 'ஸ்வீப்' கண்டனத்தையும் பெறுதல் இயல்பு. பொருள்கள் அந்தரத்தில் எழுவதும் கைகளில் ஒளிப்பந்து தோன்றுவதும் தங்கள் சமயத்தைக் கேலிக்கூத்தாக்குகின்றன என்பது அவர்தம் முறைப்பாடு.

இரண்டாவது, பெற்றோரும் சமய அமைப்பினரும் கொண்ட நிலைப்பாடு. இவர்களுக்கு இரு தொடர்களுக்குமிடையே வேறுபாடில்லை. மந்திரம் பேசும் எந்த நூலும் இளம் உள்ளங்களைக் கெடுக்கும் என்பதே இவர்களின் முடிவு. விக்காவுடன் எவ்விதத் தொடர்பும் இல்லாத ஹரி பொட்டர் நூல்களே 2000 முதல் 2009 வரையான காலத்தில் அமெரிக்க நூலகங்களில் மிகக்கூடுதலாக எதிர்க்கப்பட்டவை என அமெரிக்க நூலகச் சங்கம் பதிவுசெய்தமை, இவ்வச்சம் எத்துணைப் பரந்தது என்பதைக் காட்டும்.

மூன்றாவது, எந்தச் சமயப் பற்றுமின்றிக் கதைக்காகவே படித்த இளம் வாசகியரது நிலைப்பாடு. சடங்கின் சரிபிழை அவர்களுக்குப் பொருட்டன்று. தோழியின் துரோகம், முதற்காதல், வீட்டிலே தன்னை எவரும் விளங்கிக்கொள்ளவில்லை என்ற ஏக்கம் ஆகியனவே அவர்களைப் பற்றிக்கொள்கின்றன. இவ்வகை வாசகரிடையே 'ஸ்வீப்' பெற்ற ஆதரவு பெரிது. 'மூவர் வட்டம்' பாடம் நடத்துகின்றது என்ற குறையும் இவர்களிடமிருந்தே எழுகின்றது.

லூயிஸ் றோசன்பிளற் 1978 இல் வாசிப்பை இரண்டாக வகுத்தார். நூலிலிருந்து எதனை எடுத்துச் செல்லலாம் எனத் தேடும் வாசிப்பு ஒன்று. வாசிக்கும் கணத்திலே வாழும் வாசிப்பு மற்றொன்று. விக்கா நெறியினரும் அவர்களை எதிர்க்கும் பெற்றோரும் தம்முட் பகைவராயினும் வாசிக்கும் முறையில் ஓரினத்தவரே. இரு சாராரும் நாவலைக் கைந்நூலாகவே படிக்கின்றனர். ஒருவர் அதிற் பிழை கண்டு வருந்துகின்றனர். மற்றவர் அது பலித்துவிடுமோ என அஞ்சுகின்றனர். ஹெலன் பேர்கரும் டக்ளஸ் எஸியும் அமெரிக்கா, இங்கிலாந்து, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளின் இளம் விக்கா நெறியினரை நேர்கண்டு 2007 இல் வெளியிட்ட ஆய்வு இவ்விடத்தில் மனங்கொள்ளத்தக்கது. வெகுசனத் தொடர்புச் சாதனங்கள் ஒரு பின்புலத்தை உருவாக்கினவேயன்றி, அவையே இளைஞரை மதம் மாற்றின என அவ்வாய்வு கருதவில்லை.

5

எனினும், 'உண்மைத்தன்மை' பற்றிய விவாதத்தை இத்துடன் விட்டுவிடுதல் தவறாகும். விக்கா நெறியினர் 'ஸ்வீப்' மீது சாட்டும் குற்றங்களுள் ஒன்று ஏனையவற்றினும் ஆழமானது. ஆற்றல் இரத்தவழி வருவது என்ற கற்பனையே அது. எவரும் விரும்பிக் கற்று நுழையக்கூடிய ஒரு நெறியை, பிறப்பினால் தெரிந்தெடுக்கப்பட்டோரின் தனிச்சொத்தாக இத்தொடர் மாற்றிவிடுகின்றது. அதில் ஏழு பெருங்குலங்கள் உள்ளன. குலத்துக்கேற்ற குணமும் ஆற்றலும் பேசப்படுகின்றன. குலத்திற் பிறவாத மாணவர் எவ்வளவு முயன்று பயின்றாலும் இரண்டாந் தரத்தவரே. தகவற் பிழை போலத் தோன்றும் இந்த விடயம் உண்மையில் ஒரு கருத்துநிலைப் பிரச்சினையாகும். பிறப்பினால் உயர்வு தாழ்வு கற்பிக்கும் சமூகமொன்றில் வாழும் நமக்கு இதன் பொருளை விளக்கவேண்டியதில்லை.

இப்போக்கு 'ஸ்வீப்' தொடருடன் தோன்றியதுமன்று. 1992 இல் வெளிவந்த எல். ஜே. ஸ்மித்தின் 'த சீக்கிரட் சேர்க்கிள்' நாவல்களிலும் சேலம் நகரத்துச் சூனியக்காரரின் வழித்தோன்றல்களே ஆற்றலுடையோர். இதிலுள்ள விபரீதத்தை வாசகர் பலர் கவனிப்பதில்லை. 1692 இல் தொடங்கிய சேலம் வழக்குகளில் 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். ஒருவர் கல்லேற்றி நசுக்கிக் கொல்லப்பட்டார். அவர்கள் சூனியக்காரர் அல்லர், அயலவரின் பகைக்கும் பீதிக்கும் இரையான சாதாரண மனிதர். அவ்வூர் அடக்குமுறைக்கு மெய்யான மந்திரவாதிகளின் வம்சமொன்றைக் கற்பிக்கும் நாவல், பலியானோர்மீது அனுதாபம் காட்டுவதாக எண்ணிக்கொண்டே, குற்றஞ்சாட்டியோர் கூற்று முற்றிலும் பொய்யன்று என்று ஒப்புக்கொடுத்துவிடுகின்றது.

அவ்வாறாயின் இளம் வாசகியர் ஏன் பிறப்புரிமைக் கதையை விரும்பினர்? அவர்களைப் பிற்போக்கினர் என முத்திரை குத்துவது திறனாய்வாகாது. ஜனிஸ் ராட்வே 1984 இல் காதல் நவீனங்களின் வாசகியரை ஆராய்ந்தபோது, குடும்பப் பளுவிலிருந்து தமக்கெனச் சிறிது நேரத்தைப் பறித்தெடுக்கும் செயலாகவே அவர்கள் வாசிப்பைக் கருதினர் எனக் கண்டார். பதினாறு வயதுப் பெண்ணுக்கு வீட்டிலும் பாடசாலையிலும் அதிகாரம் எதுவுமில்லை. அழகும் செல்வாக்கும் வேறு யாரிடமோ உள்ளன. உழைத்து, காத்திருந்து, கற்று முன்னேறு என்ற அறிவுரையை அவள் நாள்தோறும் கேட்கின்றாள். நீ ஏற்கெனவே பெரியவள், உலகம் அதனை அறியவில்லை, அவ்வளவே என்று கூறும் கதை அவளுக்கு ஆறுதலாகின்றது. அந்த ஏக்கம் மெய்யானது. அதற்கு அளிக்கப்படும் விடைதான் பொய்யானது.

நீதியின் பொருட்டு இன்னொன்றையும் கூறல் வேண்டும். மோர்கன் தீமைக்குப் பேர்போன குலத்திற் பிறந்தவள் என்பது பின்னர் வெளிப்படுகின்றது. அக்குலத்தவருள்ளும் தீமையைத் துறந்து வாழ்ந்தோர் உண்டு என்பதை அவள் அறிகின்றாள். ஆற்றல் பிறப்பாலும் அறம் தெரிவாலும் அமைவன என்ற நிலைக்கு நாவல் வந்து சேர்கின்றது. தன் அத்திவாரத்தையே அரைகுறையாகக் கேள்விக்குட்படுத்தும் இம்முரண்பாடே 'ஸ்வீப்' தொடருக்கு ஓரளவேனும் உயிரோட்டம் தருகின்றது.

6

'மூவர் வட்டம்' கருத்துநிலையில் முற்போக்கானது. அங்கே அறிவு பொதுச்சொத்து. நூலகத்திலே எவர் கையிலும் அகப்படக்கூடியது. ஆற்றல் கூட்டு முயற்சியாலும் தவறுகளைத் திருத்துவதாலும் வளர்கின்றது. பெற்றோரின் எதிர்ப்பும் பாடசாலையின் சந்தேகமும் சிறுபான்மைச் சமயத்தவர் எதிர்நோக்கும் சமூகப் பிரச்சினைகளாகவே சித்திரிக்கப்படுகின்றன. ஆயினும், பாத்திரங்கள் பல வேளைகளிற் கருத்துக்களின் ஒலிபெருக்கிகளாகிவிடுகின்றனர். விளக்கவுரை கதையை மேவிவிடுகின்றது. 'பாடம் நடத்துகின்றது' என்ற இளம் வாசகியின் குறையிலே நியாயம் இல்லாமலில்லை.

இங்குதான் இவ்வாசகர் கருத்துக்கள் நமக்கும் உரியனவாகின்றன. சரியான உள்ளடக்கம் மாத்திரம் கலையாகிவிடாது என்பதும், மயக்கும் உருவம் தன் கருத்துநிலைக்குப் பொறுப்புக்கூறாது தப்பிவிட முடியாது என்பதும் முற்போக்கு இலக்கிய விவாதங்கள் நெடுங்காலமாக எதிர்கொண்டுவரும் உண்மைகள். விக்கா நெறியினரின் கண்டனம் முதற்குரிய நாவலைப் பாராட்டி நின்றுவிட்டது. இளம் வாசகியரின் விருப்பம் மற்றையதைக் கொண்டாடி நின்றுவிட்டது. இரண்டும் பாதி உண்மைகள். பெற்றோரின் அச்சமோ நூலைப் படியாமலே தீர்ப்பளித்தது.

அதிகாரமற்ற ஒரு சிறுமியின் ஏக்கத்தை முழுமையாக உணர்ந்து, அவளுக்கு வம்சப் பெருமையை விடையாகக் கொடாது, கற்கவும் கூடவும் மாறவும் அவளுக்குள்ள ஆற்றலை அதே கவர்ச்சியுடன் காட்டும் நாவலே இருசார் வாசகரையும் நிறைவுசெய்யக்கூடியது. சந்தை அதனை விரைவில் உற்பத்திசெய்யும் என எதிர்பார்ப்பதற்கில்லை. ஆயின், அத்தகைய நாவலுக்கான தேவை வாசகர் கருத்துக்களின் இம்முரண்பாட்டிலேயே பொதிந்துள்ளது. அதனை வெளிக்கொணர்ந்து எழுத்தாளர் முன்வைப்பது திறனாய்வாளரின் கடமையாகும்.